உயர்நிலை ஆங்கிலத்தை எங்கே அளப்பது?

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கில மொழித் தேர்வில் ஐந்தாம் படிவ மாணவர் எழுத வேண்டிய ஆக நீளமான கட்டுரைக்கு வரம்பு 200 முதல் 250 சொற்கள். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், ஏறத்தாழ அதே வயதில் ஓ லெவல் எழுதுகிறவர் 350 முதல் 500 சொற்களில் ஒரு கட்டுரையும் 250 முதல் 350 சொற்களில் ஒரு சூழல் கட்டுரையும் எழுதுகிறார். இரண்டு நாட்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் நியாயமாகாது. அங்கே கணிதமும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இங்கே ஆங்கிலம் பல பாடங்களில் ஒன்று.

நீளம் மட்டுமே உயர்நிலைக்கு அடையாளமும் அன்று. கேம்பிரிட்ஜ் நடத்தும் சி1 நிலைத் தேர்விலேயே ஒரு கட்டுரைக்கு 220 முதல் 260 சொற்கள்தான் கேட்கிறார்கள். ஆனால் கேள்வியின் தன்மை வேறு. ஒரு பொருள் பற்றி மூன்று கூறுகளும் அவற்றைச் சார்ந்த சில கருத்துகளும் கொடுக்கப்படும். மாணவர் இரண்டைத் தேர்ந்து, எடைபோட்டு, எது முக்கியம் என்று முடிவுசெய்து, காரணம் காட்ட வேண்டும். அந்த எடைபோடுதலைத்தான் நம் பள்ளி இறுதித் தேர்வில் தேடிப் பார்க்கிறேன். மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவரின் ஆங்கிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் தேறாதவர்களைப் பற்றியே பேசுகிறோம். அது அவசியமான பேச்சுதான். ஆனால் நன்றாகத் தேறுகிறவரின் திறன் எதுவரை போகிறது என்பதை அரசுப் பள்ளியில், செலவில்லாமல், நம்பகமாக அளந்து சான்று தருகிறோமா? இக்கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது.

சாஆவை வைத்துப் பார்ப்போம். ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் இருக்கும் சிறுநகரம் அது. சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல. பிள்ளை ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படிக்கிறது. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, சிலருக்கு இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் எல்லாம். ஆங்கிலம் அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் மொழி. படித்து முடித்தபின் வேலை தேடிப் போவது பெரும்பாலும் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோதான். அங்கே கூலியையும் பதவியையும் பாதி தீர்மானிப்பது ஆங்கிலம். இந்த வழியில் வந்து, பதினேழு வயதில் ஆங்கிலத்தில் வாதாடக்கூடிய அளவுக்கு உயர்கிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கணக்கில் வராத திறன் அவர்களுடையது.

உயர்நிலை என்றால் என்ன? ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொது அளவுகோல், அதாவது சி.இ.எஃப்.ஆர்., மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலையாகப் பிரிக்கிறது. பி2 என்பது தனக்குத் தெரிந்த துறையில் தடுமாறாமல் பேசி எழுதுகிற நிலை. சி1 அதற்கு மேலே: நீண்ட, கடினமான பனுவலைப் படித்து, சொல்லாமல் சொன்னதையும் பிடிப்பது, சொல்லைத் தேடி நிற்காமல் பேசுவது, சிக்கலான பொருளைப் பற்றி ஒழுங்கான கட்டமைப்போடு எழுதுவது, இடம் அறிந்து நடையை மாற்றுவது. பல்கலைக்கழக முதலாண்டு மாணவரிடம் விரிவுரையாளர் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இந்நாட்டில் உயர்நிலை ஆங்கிலத்துக்கான அளவுகோல் ஒருகாலத்தில் வெளியிலிருந்தே வந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் என்று பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிற தேர்வின் விடைத்தாள்கள் இங்கிலாந்துக்குப் போய்த் திருத்தப்பட்டன. ஜொகூரில் 1914இல் தொடங்கிய ஆங்கிலக் கல்லூரி, பின்னாளில் சுல்தான் அபு பக்கார் கல்லூரி, அந்த மரபின் முதன்மை இடம். அங்கே போனவர்கள் யார்? நகரத்தில் இருந்தவர்கள், கட்டணம் கட்ட முடிந்தவர்கள், கெட்டிக்காரத்தனத்தால் உதவித்தொகை பெற்ற சிலர். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்தக் காலத்து ஆங்கிலம் எவ்வளவு உயர்ந்தது என்று ஏங்குகிறவர்கள், அது எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1970 முதல் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலவழிப் பள்ளிகள் மலாய்வழிக்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் இடைநிலைப்பள்ளி முழுவதும் மாறி முடிந்தது. ஆங்கிலம் பாடமாக நின்றது. பிறகு 1119 என்ற எண்ணுள்ள தாள் வந்தது. நாட்டின் தேர்வு வாரியம் தந்த தரத்தோடு கேம்பிரிட்ஜின் ஓ லெவல் தரமும் அதற்குத் தனியே கிடைத்தது. அந்தத் தாளில் நீண்ட பகுதியைப் படித்து 130 சொற்களுக்குள் சுருக்கி எழுதும் கேள்வி ஒன்று இருந்தது. மாணவர் பலர் அதை வெறுத்தார்கள். ஆனால் எது சாரம், எது எடுத்துக்காட்டு என்று பிரித்தறியும் திறனை அந்த ஒரு கேள்வி சோதித்தது. இன்றைய தாளில் அது இல்லை. சிங்கப்பூர்த் தாளில் இன்னும் இருக்கிறது.

கொள்கைகள் மாறி மாறி வந்தன. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009இல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016 முதல், அவ்விரு பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்த இடமளிக்கும் இருமொழித் திட்டம் விரும்பிய, தகுதிபெற்ற பள்ளிகளில் மட்டும் நடக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் கல்விப் பெருந்திட்டம், 2016 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயம் என்றது. 2015இல் அது ஒத்திவைக்கப்பட்டது. அதே 2015இல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், சிங்கப்பூரைப் போல ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்க வேண்டும் என்று ஒரு நாளிதழ் நேர்காணலில் கூற, நாடெங்கும் விவாதம் கிளம்பியது. அந்த விவாதம் முழுவதும் எந்த மொழியில் கற்பிப்பது என்பதைப் பற்றியது. எப்படி அளப்பது என்பதை அதில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அளவையில் உண்மையான மாற்றம் வேறு வழியாக வந்தது. 2013இல் கேம்பிரிட்ஜ் நிறுவனம் பாலர் பள்ளி தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்கு முந்திய நிலைவரை மாணவரையும் ஆசிரியரையும் சோதித்து ஓர் அடிப்படை ஆய்வு செய்தது. அதன்மேல் 2015 முதல் 2025 வரையிலான ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்ட வரைவு எழுந்தது; பேராசிரியர் சுரைடா முகமட் டோன் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. ஆரம்பப்பள்ளி முடிவில் ஏ2, இடைநிலைப்பள்ளி முடிவில் பி1 அல்லது பி2, பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு பி2 அல்லது சி1, ஆங்கில ஆசிரியருக்கு சி1 என்று இலக்குகள் வைக்கப்பட்டன. 2017இல் புதிய பாடத்திட்டம் வகுப்பறைக்கு வந்தது. வெளிநாட்டுப் பாடநூல்கள் இறக்குமதியாயின. நம் ஊர் வாசனை இல்லாத நூல்கள் என்ற எதிர்ப்பும் கூடவே வந்தது. 2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம்., பெருந்தொற்றால் தள்ளி 2022 தொடக்கத்தில் நடந்தபோது, புதிய அளவுகோலின்படி அமைந்த 1119 தாள் முதல்முறையாக எழுதப்பட்டது.

இந்தப் புதிய தாளை நான் குறைசொல்லத் தேடவில்லை. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு திறனுக்கும் சம பங்கு, தலா 25 விழுக்காடு. முன்பு பேச்சு பள்ளிக்குள்ளேயே மதிப்பிடப்பட்டு, பல இடங்களில் சடங்காகிப் போயிருந்தது. இன்று இரண்டு தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். வாயைத் திறக்காமலே ஆங்கிலத்தில் ஏ வாங்கிய காலம் முடிந்துவிட்டது. சாஆவைப் போன்ற ஊரில் இதனால் வகுப்பறை மாறியிருக்கிறது. பிள்ளைகள் இணைஇணையாகப் பேசிப் பழகுகிறார்கள். நடுநிலை மாணவருக்கு இது பெரிய ஆதாயம்.

மேல்நிலை மாணவருக்கு நடப்பது வேறு. எழுத்துத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பகுதி ஏறத்தாழ 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். இரண்டாம் பகுதி 125 முதல் 150 சொல்லில், குறிப்பு கொடுத்து எழுதச் சொல்லும் கட்டுரை. மூன்றாம் பகுதியில் மூன்று தலைப்பில் ஒன்று: கட்டுரை, அறிக்கை, விமர்சனம், கதை என ஏதோ ஒரு வடிவம். ஒவ்வொரு பகுதிக்கும் 20 புள்ளி, மொத்தம் 60. எதைச் சொல்ல வேண்டும் என்பதற்குக் குறிப்புகளே துணை வருகின்றன. முரண்படும் இரண்டு கருத்தை எதிரெதிரே வைத்துத் தீர்ப்பு எழுதும்படி கேட்கும் கேள்வி இல்லை. படித்த பகுதியை ஆதாரமாக்கி எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. வாசிப்புத் தாள் தனி, எழுத்துத் தாள் தனி. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள்.

பேச்சுத் தேர்வில் இன்னும் நுட்பமான ஒரு சிக்கல். மூன்று பகுதி. முதலில் தேர்வாளர் சில கேள்வி கேட்பார். அடுத்து ஒரு தலைப்பு அட்டை. 20 நொடி யோசித்து ஒரு நிமிடம் பேச வேண்டும். மூன்றாவதாக இரண்டு மாணவரும் சேர்ந்து கலந்துரையாட வேண்டும். நடுவில் ஒரு கேள்வியும் சுற்றிலும் ஐந்து குறிப்பும் உள்ள படம் தரப்படும். நன்றாகப் பேசும் மாணவிக்குத் துணையாக, நாலு வாக்கியத்துக்கு மேல் வராத மாணவர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவள் ஒரு கருத்தைச் சொல்கிறாள்; அவன் ஆமாம் என்கிறான். மறுப்பு வந்தால்தானே மறுப்புக்கு மறுப்புச் சொல்லும் திறன் வெளிப்படும்? அவள் தனியாகவே பேசினால் கலந்துரையாடல் இல்லை என்று புள்ளி குறையும். அவனுக்காகத் தணிந்து பேசினால் அவளுடைய உயரம் தெரியாமலே போகும். பெரிய நகரப் பள்ளியில் இணையாக வருகிறவரும் சரளமாகப் பேச வாய்ப்பு அதிகம். சிறுநகரத்தில் அந்த அதிர்ஷ்டம் குறைவு. தேர்வாளர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இந்தச் சாய்வு தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது.

கேட்டல் தாளில் சிக்கல் எளிமையானது. ஒலிப்பதிவு தெளிவாகக் கேட்க வேண்டும். மண்டபத்தின் துத்தநாகக் கூரையில் மழை விழும் பருவத்தில், நல்ல ஒலிபெருக்கி உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் வேறுபாடு வரத்தான் செய்யும்.

கடைசியில் எல்லாம் ஒரு தரத்தில் போய் முடிகிறது. ஏ பிளஸ் 2009இல் அறிமுகமானது, ஏ வாங்கியவரிலும் சிறந்தவரைப் பிரித்துக்காட்ட. ஆனால் பி2 இலக்கை நோக்கி அமைந்த தாளில் ஏ பிளஸ் வாங்கியவர், அந்தத் தாள் கேட்டதைத் தவறில்லாமல் செய்தவர். அதற்கு மேல் அவரால் என்ன முடியும் என்பதைத் தாள் கேட்கவே இல்லை. அளவையியலில் இதைக் கூரை விளைவு என்பார்கள். எஸ்.பி.எம்.மில் ஆங்கில இலக்கியம் என்ற விருப்பப்பாடம் ஒன்று உண்டு. அது உயர்நிலையை ஓரளவு தொடுகிறது. ஆனால் எழுதுவோர் மிகக் குறைவு, அதைக் கற்பிக்கும் பள்ளிகளும் குறைவு.

அடுத்த படி முவெட். மலேசியத் தேர்வு மன்றம் 1999இல் தொடங்கிய பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு இது. ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் இருப்பவர்கள் எழுதுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் துறைக்குத் துறை பேண்ட் வரம்பு வைக்கின்றன. 2021இல் இதுவும் ஐரோப்பிய அளவுகோலுக்கு மாறியது. முன்பு வாசிப்புக்கு 40 விழுக்காடு, எழுத்துக்கு 30, கேட்டலும் பேச்சும் தலா 15; இப்போது நான்குக்கும் சமம், மொத்தம் 360 புள்ளி. பேண்ட் 4 பி2வுக்கும் பேண்ட் 5 சி1க்கும் இணையாக வைக்கப்பட்டுள்ளது. ஆக, சி1 நிலையை அளக்கும் தேர்வு ஒன்று அரசிடமே இருக்கிறது. ஆனால் பழைய முவெட்டில் வரைபடத்தைப் படித்து 150 முதல் 200 சொல்லில் அறிக்கையும் குறைந்தது 350 சொல்லில் கட்டுரையும் எழுத வேண்டும். புதியதில் குறைந்தது 100 சொல்லில் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல், குறைந்தது 250 சொல்லில் கட்டுரை. எண்களையும் வரைபடத்தையும் மொழியாக்கும் பயிற்சி போய்விட்டது. அளவுகோல் உலகத் தரத்துக்கு வந்தது என்று மகிழும்போது, கேட்கப்படும் வேலை இலேசானதையும் பார்க்க வேண்டும்.

முவெட் வரும் நேரமும் தாமதம். எஸ்.பி.எம். முடிந்ததுமே டிப்ளோமா, தொழிற்கல்வி, தனியார் கல்லூரி என்று பிரிந்து போகிறவர்கள்தான் அதிகம். உதவித்தொகைக்கும் நேர்காணலுக்கும் அவர்கள் கையில் இருப்பது எஸ்.பி.எம். தரம் மட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ, இஸ்கந்தர் புத்ரியில் எடுசிட்டி வளாகத்தில் இருக்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகக் கிளைகளோ கேட்கும் சான்றுகளில் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற அனைத்துலக ஆங்கிலத் தேர்வு முன்வரிசையில் நிற்கிறது. அதன் கட்டணம் 800 வெள்ளிக்கு மேல். பெருநகரத்துக்குப் போய் எழுத வேண்டும், அதற்கு முன் பயிற்சி வகுப்பு, மாதிரித் தாள், சில சமயம் இரண்டாம் முயற்சி. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தகப்பன் அந்தப் பணத்தை எங்கே புரட்டுவார்? நகரத்து வசதியான வீட்டில் பதினாறு வயதிலேயே இந்தத் தேர்வை எழுதிப் பார்க்கிறார்கள். இரண்டு பிள்ளைகளின் ஆங்கிலமும் ஒன்றாக இருந்தாலும் ஒருவர் கையில்தான் தாள் இருக்கிறது.

இந்த இடத்தில் வியட்நாம் நமக்கு நல்ல பாடம். அந்நாட்டு அரசு 2008இல் தேசிய அந்நிய மொழித் திட்டத்தைத் தொடங்கியது. 2014இல் ஐரோப்பிய அளவுகோலைத் தழுவித் தன் ஆறு நிலைச் சட்டகத்தை வகுத்தது. 2015இல் விஸ்டெப் என்ற சொந்தத் தேர்வையும் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் இலக்கு மூன்றாம் நிலை, அதாவது பி1. மேல்நிலை மாணவருக்கு அங்கே ஒரு தனி மரபு உண்டு: சிறப்புப் பள்ளிகள், மாநில அளவில் தேர்ந்து தேசிய அளவில் நடக்கும் திறன்மிகு மாணவர் போட்டித் தேர்வு. அதன் ஆங்கிலத் தாள் பொதுத்தேர்வைவிடப் பல படி உயர்ந்தது. கேட்டலும் நீண்ட எழுத்தும் பேச்சும் அதில் அடங்கும். அரசே நடத்துகிறது, மாணவர் பணம் கட்டிச் சான்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும்.

மற்றவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். பக்கம் திரும்பினார்கள். அத்தேர்வில் 4.0 வாங்கினாலே பள்ளி இறுதி அந்நிய மொழித் தேர்விலிருந்து விலக்கு. 2024 வரை அந்த விலக்கு பத்துக்குப் பத்துப் புள்ளியாகவே கணக்கிடப்பட்டது. பல்கலைக்கழகங்களும் அந்தச் சான்றைச் சேர்க்கைக்கு ஏற்றன. ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் பயிற்சி நிலையங்கள் பெருகின. 2022 நவம்பரில் உரிமம் தொடர்பான சிக்கலால் தேர்வுகள் திடீரென ஒத்திவைக்கப்பட்டபோது, ஒரு நாட்டின் பள்ளி மாணவர் எவ்வளவு தூரம் ஒரு வெளித்தேர்வை நம்பியிருந்தார்கள் என்பது வெளிச்சமானது. 2025 முதல் ஆங்கிலம் அங்கே இறுதித் தேர்வில் விருப்பப்பாடம். அந்த ஆண்டு ஜூன் மாதத் தாள் எட்டாத உயரத்தில் இருந்ததாக நாடெங்கும் முறையீடு எழுந்தது. பி1 இலக்கோடு படித்தவரையும் அதற்கு மேலே உள்ளவரையும் ஒரே தாளில் பிரித்துக்காட்ட முயன்றால் நேர்வது இது. தாளைக் கடினமாக்குவது உயர்நிலையை அளக்கும் வழி ஆகாது. நடுவில் நிற்கும் பிள்ளையை அது நசுக்கிவிடும்.

தேர்வை மாற்றினால் கற்பித்தல் தானே மாறும் என்ற நம்பிக்கைக்கு இலங்கை அனுபவம் ஓர் எல்லைக்கோடு போட்டது. 1980களில் அங்கே சாதாரண தர ஆங்கிலத்துக்குப் புதிய பாடநூலும், 1988இல் அதற்கேற்ற புதிய தேர்வும் வந்தன. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயான் வால், சார்ல்ஸ் ஆல்டர்சன் இருவரும் வகுப்பறைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு, மொழித்தேர்வு பற்றி எழுதுவோர் இன்றுவரை மேற்கோள் காட்டுகிற ஒன்று. எதைக் கற்பிக்கிறார்கள் என்பதைத் தேர்வு மாற்றியது. எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை மாற்றவில்லை என்பதே அவர்கள் கண்டது. தேர்வில் வரும் பகுதிகளை ஆசிரியர்கள் நடத்தினார்கள், பழைய முறையிலேயே. ஆசிரியருக்குப் பயிற்சியும் நூலும் நேரமும் சேராமல் தாள் மட்டும் உயர்ந்தால் மனப்பாட விடைகள்தான் உயரும். எஸ்.பி.எம். பேச்சுத் தேர்வுக்குத் தயாரான வாக்கியங்களை ஒப்பிக்கும் பழக்கத்தில் இதை ஏற்கெனவே பார்க்கிறோம்.

ஆசிரியர் பக்கம் நாம் பட்டபாடு சிறிதல்ல. கேம்பிரிட்ஜ் தகுதிச் சோதனைக்குப் பின், ஆங்கில ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்பார்த்த நிலையை எட்டவில்லை என்று 2013இல் கல்வி அமைச்சு வெளிப்படையாகச் சொன்னது. பிரிட்டிஷ் கவுன்சில் முதலிய அமைப்புகளோடு பயிற்சித் திட்டங்கள் நடந்தன, பலர் நிலை உயர்ந்தார்கள். சி1 நிலை மாணவரை மதிப்பிட சி1 நிலை ஆசிரியர் வேண்டும். அவர்கள் எல்லா ஊரிலும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதை மறைத்து எந்தத் திட்டமும் போட முடியாது.

இனி, சாஆ மாணவரிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பார்ப்போம். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியோடு தமிழ் இலக்கியமும் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. கவிதை, நாடகம், நாவல் படிக்கிறார்கள். ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்தது என்று ஆதாரம் காட்டி எழுதுகிறார்கள். பாடலில் வெளிப்படையாகச் சொல்லாததை விளக்குகிறார்கள். சி1 விளக்கத்தில் மேலே சொன்ன வேலைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: மறைபொருள் காண்பது, ஆதாரத்தோடு வாதிடுவது, கட்டமைப்போடு எழுதுவது. தமிழில் இதைச் செய்யும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதே வேலையைத் தந்தால் சொல்வளம்தான் புதிதாக வேண்டும். யோசிக்கும் முறை கையில் இருக்கிறது. பேச்சுப்போட்டி, பட்டிமன்றம் என்று மேடை ஏறிப் பழகியவர்களும் இவர்களில் உண்டு. கிராமப்புற மாணவருக்கு உயர்நிலைக் கேள்வி எட்டாது என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு திறனும் இவர்களிடம் இருக்கிறது. எந்தத் தாளும் அதைக் கேட்பதில்லை. பாட்டியை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் பேத்தி, மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொல்வதைக் கேட்டு, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, அன்று ஏன் பட்டினியாக வர வேண்டும் என்று பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்கிறாள். பாட்டியின் சந்தேகத்தைத் திருப்பி மருத்துவரிடம் மரியாதையான ஆங்கிலத்தில் கேட்கிறாள். மருத்துவர் சொன்னதில் எதை விடலாம், எதை விடவே கூடாது என்று அந்த நொடியில் முடிவுசெய்கிறாள். ஐரோப்பிய மன்றம் தன் அளவுகோலை 2018இல் விரித்தபோது, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் கொண்டுசேர்க்கும் இந்த இடைநிலைப் பணியை ஒரு முழுத் திறனாகவே அங்கீகரித்து விளக்கம் எழுதியது. கிரேக்க நாட்டின் அரசு மொழிச் சான்றுத் தேர்வு அதற்கு முன்பிருந்தே இதைச் சோதித்துவருகிறது: கிரேக்க மொழியில் ஒரு பகுதி, அதிலிருந்து தேவையானதை எடுத்து ஆங்கிலத்தில் ஒருவருக்கு எழுத வேண்டும். நாம் அளவுகோலை இறக்குமதி செய்தோம். பல மொழியில் வாழும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் இந்தப் பகுதியை மட்டும் தேர்வுக்கு வெளியே விட்டுவிட்டோம்.

என் நிலைப்பாடு இது. உயர்நிலை ஆங்கிலத்தை அளக்க வேண்டிய இடம் ஐந்தாம் படிவம். அளக்க வேண்டியது அரசு. 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆரும் 2022இல் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3-உம் நீக்கப்பட்டபின் எஸ்.பி.எம்.மின் பாரம் கூடியிருக்கிறது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் எழுதும் 1119 தாளை இன்னும் கடினமாக்கச் சொல்லவில்லை. வியட்நாமில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது. அதனோடு விருப்பத் தாள் ஒன்றைச் சேர்க்கலாம். கட்டணம் இல்லை, முன்தகுதி இல்லை, ஆசிரியர் பரிந்துரையும் தேவையில்லை. எழுத விரும்புகிறவர் பெயர் கொடுத்தால் போதும். பரிந்துரை என்று வைத்தால் அது முழுநேர விடுதிப் பள்ளிகளுக்கும் பெருநகரப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தேறாவிட்டால் எஸ்.பி.எம். தரத்தில் எந்தப் பாதிப்பும் இருக்கக் கூடாது.

அந்தத் தாளில் என்ன கேட்பது? ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தினமும் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி இரண்டு பகுதி. ஒன்று, வருமானத்தையும் கற்றுக்கொள்ளும் தொழில்திறனையும் பேசும் செய்திக் கட்டுரை, ஆங்கிலத்தில். இன்னொன்று, விடியுமுன் கிளம்பிப் பாலத்தைக் கடந்துவிட்டு இரவில் திரும்பும் வாழ்க்கையைப் பற்றிய பத்தி, தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ, மாணவர் தேர்வுப்படி. மாணவர் இரண்டையும் படித்து, இரண்டிலிருந்தும் ஆதாரம் எடுத்து, தன் ஊர் இளைஞருக்கு என்ன சொல்வார் என்று 500 சொல்லில் எழுத வேண்டும். வாசிப்பும் எழுத்தும் இடைநிலைப் பணியும் ஒரே வேலையில் சேர்ந்துவிடுகின்றன. மனப்பாடம் செய்த தொடக்க வாக்கியம் இங்கே உதவாது. ஒப்பிக்க முடியாத கேள்விதான் நல்ல கேள்வி என்பதை நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். பேச்சுக்குத் துணை மாணவர் வேண்டாம். தேர்வாளரே எதிர்வாதம் செய்யட்டும். பத்து நிமிடம் போதும், மாணவர் எழுதிய கருத்தையே எடுத்து அவர் குறுக்கே கேட்கலாம்.

திருத்துவது யார் என்ற கேள்விக்கு விடை நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளை ஒரே அளவில் மதிப்பிடுவதில் மலேசியத் தேர்வு மன்றத்துக்கு 1999 முதல் அனுபவம் உண்டு. விருப்பத் தாள் எழுதுவோர் எண்ணிக்கை முதலில் சிறியதாகவே இருக்கும். விடைத்தாளை இருவர் தனித்தனியே திருத்தி, வேறுபாடு வந்தால் மூன்றாமவர் பார்க்கலாம். பேச்சுத் தேர்வை இணையவழிக் காணொளியில் வைத்தால் சி1 நிலைத் தேர்வாளர் ஒவ்வொரு சிறுநகருக்கும் பயணம் செய்ய வேண்டியதில்லை. முதல் முயற்சியைக் கோலாலம்பூரிலோ ஜொகூர் பாருவிலோ தொடங்க வேண்டாம். சிகாமட் போன்ற ஒரு மாவட்டத்தில், தேசிய இடைநிலைப்பள்ளிகளில் மட்டும், மூன்று ஆண்டு நடத்திப் பார்க்கலாம். தாள் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, அதாவது நான்காம் படிவம் தொடங்குமுன், அந்தப் பள்ளிகளின் நூலகத்துக்கு நாளிதழும் கட்டுரைத் தொகுப்பும் போக வேண்டும். வாரம் இரண்டு பாடவேளை விவாதத்துக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். ஆங்கில ஆசிரியரின் பணிச்சுமையில் அதற்கு ஈடாக ஏதாவது குறைக்கப்பட வேண்டும். பெயர் கொடுத்த மாணவரில் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி வழியாக வந்தவர் எத்தனை பேர், தோட்டப்புறத்தவர் எத்தனை பேர், யார் எந்தக் கேள்வியில் தடுக்கினார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த விவரம் கையில் வந்தபின், தாளை நாடு முழுவதுக்கும் விரிப்பதா, திருத்துவதா என்று முடிவுசெய்யலாம்.